மூத்தவன் சிந்திய வெளிச்சம்

மக்கா, இது உங்கள் ரெண்டு பேருக்கும்தான். போன வாரம் கீழ்வீட்டு அங்கிள் லிஃப்ட் பக்கத்தில் உங்களை நிறுத்தி, பப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார் அல்லவா? தம்பி, நீ கொஞ்சம்கூட யோசிக்காமல் "சஷ்மாவாலா", மூக்குக்கண்ணாடிக்காரர், என்றாய். சரி, பெரியவள் திருத்துவாள் என்று காய்கறிப் பையோடு பின்னாலேயே நின்றேன். அவள் "மொபைல் நெட்வொர்க்" என்றாள். அங்கிள் உடனே தன் போனை என் கையில் கொடுத்து, கிரிக்கெட் பார்க்கும்போது படம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்றார். மரியாதைக்கு ஆஃப் செய்து ஆன் செய்து கொடுத்தேன். சரியாகிவிட்டது. இப்போது நம் பில்டிங்கில் என் பெயர் நெட்வொர்க்வாலா.

நீங்கள் சொன்னது முழுத் தப்பும் இல்லை, முழுச் சரியும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தாராவி முனிசிபல் ஸ்கூலில் பத்தாவது வரை நான் படித்தது தமிழில், அதனால் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். பரவாயில்லை, கூட்டிப் படியுங்கள். அம்மாவை வாசிக்கச் சொல்லவேண்டாம். அவள் நடுநடுவே தன் அபிப்பிராயத்தையும் சேர்த்தே வாசிப்பாள். எது நான் எழுதியது, எது அவள் சொன்னது என்று தெரியாமல் போகும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் போனுக்கு வரும் படமும் பாட்டும் பெரும்பாலான தூரத்தைக் கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாக ஓடித்தான் கடக்கின்றன. அந்த இழைக்கு ஃபைபர் என்று பேர். தலைமுடி கனம்தான் இருக்கும். ஒரு ஃபைபரில் வந்த வெளிச்சத்தை வேறொரு ஃபைபருக்கு மாற்றிவிடுகிற பெட்டிதான் ஆப்டிகல் சுவிட்ச். பெட்டிக்குள் கடுகு அளவில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் இருக்கும். அவை சாய்ந்து சாய்ந்து, வந்த வெளிச்சத்தை வேண்டிய பக்கம் திருப்பும். வெளிச்சம் ஃபைபரை விட்டு வெளியே வந்து, கொஞ்சம் காற்றில் பறந்து, அந்தக் கண்ணாடியில் பட்டு, அடுத்த ஃபைபருக்குள் நுழையவேண்டும்.

சிக்கல் அந்தக் காற்றில்தான். ஃபைபரை விட்டு வந்த வெளிச்சம் நேராகப் போகாது, விரிந்துவிடும். மாட்டுங்கா ஹோட்டலில் காபி ஆற்றுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள். டம்ளரிலிருந்து டவராவுக்குக் காபி ஒரே கயிறாக இறங்கும். தம்பி, நீ ஆற்றினால் மேஜைக்கும் சட்டைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். லென்ஸ் இல்லாத ஃபைபர் உன்னை மாதிரி. ஃபைபர் நுனிக்கு முன்னால் சரியான லென்ஸ் ஒன்றை வைத்தால் அது ஹோட்டல்காரர் மாதிரி ஆகிவிடும். அரிசி அளவுக் கண்ணாடித் துண்டு அது, ஒரு முனை மட்டும் வளைந்திருக்கும். இந்தப் பக்கத்து லென்ஸ் வெளிச்சத்தைக் கயிறாகத் திரிக்கும், அந்தப் பக்கத்து லென்ஸ் அதை வாங்கிக் குவித்து ஃபைபருக்குள் இறக்கும். இறங்காமல் வழியில் போனது எவ்வளவு என்று மீட்டர் காட்டும். அதற்குப் புத்தகத்தில் வேறு பேர் இருக்கிறது. எங்கள் பட்டறையில் அதற்குப் பேர் சிந்தல்.

லென்ஸையும் ஃபைபரையும் சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றுக்குள் வைத்து, திருகைத் தொட்டும் தொடாமலும் திருப்பி, சிந்தல் குறைகிற இடத்தில் நிறுத்துவது என் வேலை. நிறுத்தியதும் பக்கத்து ஸீட்டு அக்கா பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்குவார். இதில் ஓடுகிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். ஆக, நாள் முழுக்க நான் தெரியாத ஒன்றைத் தெரியாத ஓட்டைக்குள் விட்டுக்கொண்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் அம்மாவிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்குச் சம்பளம் உண்டுல்லா?" என்று மட்டும் கேட்டாள்.

சஷ்மா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முதலாளியை நாங்கள் பாய் என்போம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முன்னால் தாராவியில் மூக்குக்கண்ணாடி லென்ஸ்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வேலை கற்றது அங்கேதான். பிறகு விக்ரோலியில் மாடி எடுத்து இந்தக் குட்டி லென்ஸுக்கு மாறினார். மெஷின் மாறியது, சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டு வந்தது, தலைக்கு உறை வந்தது, வாய்க்கு மாஸ்க் வந்தது. மாறாமல் கூடவே வந்தது ஒரு வழக்கம். புது மாடல் லென்ஸ் வந்தால் முதல் பீஸைச் சாமி படத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி வைத்து, பொட்டு வைத்துத்தான் எடுப்பது. இது வேலைக்காரர்கள் வழக்கம், பாயுடையது இல்லை. ஆனால் மறந்துவிட்டால் முதலில் கேட்பது அவர்தான். "முதல் பீஸ் வச்சாச்சா வே? நாளைக்கு ஏதாவது போச்சுன்னா ஒங்க சாமிய விட்டுட்டு என்னைச் சொல்லுவீரு" என்பார்.

மூக்குக்கண்ணாடி காலத்தில் இதில் ஒரு தொந்தரவும் இல்லை. லென்ஸ் மேலேயே சந்தனம் வைப்போம், காலையில் சட்டை நுனியால் துடைத்து அனுப்புவோம். யாரோ ஒரு மராட்டிக்கார அம்மாள் தாதரில் சந்தன வாசத்தோடு பேப்பர் படித்திருப்பார்.

பிறகு மேடம் வந்தார். லென்ஸ் டிசைன் செய்யும் எஞ்சினியர். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா, தாத்தா எல்லாரும் ஆபீஸ் வேலைக்காரர்கள். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். என்னை அண்ணா என்பார், நான் மேடம் என்பேன். வந்த புதிதிலேயே சாமி படத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு சட்டம் போட்டார். சாமி கும்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் நாங்கள் வேலை செய்கிற, கண்ணாடிச் சுவர் வைத்த ரூமுக்குள் சாம்பிராணி கூடாது, பூ கூடாது, முக்கியமாக லென்ஸ் டப்பாவைத் திறக்கக் கூடாது. பொட்டு வைத்தே தீரவேண்டும் என்றால் மூடிக்கு மேலே, அதுவும் வெளியே. லென்ஸ் மேல் ஒரு தூசி உட்கார்ந்தாலும் வெளிச்சம் தடுக்கி விழும் என்றார். சந்தனம் வைத்து வெளிச்சத்தை வரவேற்கிற பட்டறை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

பசை அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. தாராவிக்காரர். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம், நாக்கு ரொம்பக் காரம். "படிச்ச பிள்ளைய கும்பிடக் கூடாதுன்னா கேட்டுக்கிடணும் தம்பி. அவுகளுக்கு கம்ப்யூட்டருதான் சாமி. அதுக்கும் தெனம் காலையில பாஸ்வேர்டு வச்சுக் கும்பிடத்தான செய்யுதாவ" என்பார், மேடத்துக்குக் கேட்கிற மாதிரி. மேடம் சிரித்துக்கொண்டே போவார். அப்படியே நாள் ஓடியது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கஸ்டமர் கம்பெனியில், கண்ணாடிகள் அதிகமாக வைத்த பெரிய சுவிட்ச் ஒன்று செய்தார்கள். கண்ணாடி அதிகமானால் வெளிச்சம் பறக்கவேண்டிய தூரமும் அதிகம். காபியைக் கையை இன்னும் உயரத் தூக்கி ஆற்றச் சொல்கிற மாதிரி. கடையில் கிடைக்கிற லென்ஸுக்கு அவ்வளவு தூரம் வராது. மேடம் நான் டிசைன் செய்கிறேன் என்றார். வளைவு எவ்வளவு, கண்ணாடி எந்த ரகம், ஃபைபர் நுனிக்கும் லென்ஸுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு என்று எத்தனையோ முறை கணக்குப் போட்டு அழித்துப் போட்டார். அதுவரை அவர் செய்ததெல்லாம் அடுத்தவர் டிசைனைச் சரிபார்ப்பது. இது அவருடைய சொந்த லென்ஸ், முதல் லென்ஸ்.

வீட்டில் வேறு ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு எத்தனை நாள் மெனக்கெடுவாய், பேங்க் பரீட்சை எழுது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாராம். இந்த லென்ஸ் தேறாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பரீட்சை எழுதுகிறேன் என்று மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஒருநாள் டிபன் சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார். பாயும் தன் பங்குக்குச் சொல்லியிருந்தார்: திங்கட்கிழமை கஸ்டமர் வந்து அளப்பார்கள், சிந்தல் அவர்கள் சொன்ன அளவுக்குள் இருந்தால் நம் லென்ஸ், இல்லையென்றால் வெளிநாட்டு லென்ஸ் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். வந்தால் அவர் லென்ஸ், போனால் பேங்க் கவுன்டர் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முதல் பீஸ் செய்து முடித்தோம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம், முகம் பளிச்சென்று இருந்தது. முதல் பீஸுக்குப் பட்டறையில் மூத்தவன் என்று பேர். பின்னால் செய்கிற ஒவ்வொன்றையும் அவனுக்கு எதிரே நிறுத்தித்தான் அளப்போம். அவன் இங்கிருந்து வெளிச்சத்தை ஊற்றுவான், தம்பிமார் அங்கிருந்து பிடிக்கவேண்டும். மூத்தவனைத் தொடவோ துடைக்கவோ கூடாது என்பது மேடத்தின் இன்னொரு சட்டம். ஒரு கீறல் விழுந்தால் அத்தனை பேர் அளவும் தப்பாகப் போகும். டப்பாவில் வைத்து மூடி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மூடி மேல் அக்கா சட்டப்படி ஒரு பொட்டு வைத்தார். வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் அளக்க உட்கார்ந்தேன். சிந்தியது. அடுத்ததும் சிந்தியது. அதற்கடுத்ததும். தம்பி ஆற்றின காபிதான். நான் மீட்டரைத் தட்டிப் பார்த்தேன், கேபிளைக் கழற்றி மாட்டினேன். பின்னால் நின்று பார்த்த மேடம் தன் ஸீட்டுக்குப் போய்க் கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் பட்டறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தேகம். அக்காவுக்குத் தன் பசையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள் என்று. யாருமே சொல்லவில்லை, அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு என் கை நடுங்குகிறதோ என்று. வீட்டில் தண்ணீர் டம்ளரை நீட்டிப் பிடித்து நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, பப்பா யோகா பண்றாங்க என்று நீங்கள் சிரித்தீர்களே, அது அந்த வாரம்தான். பாய் கண்ணாடி ரூமுக்கு வெளியே நின்று உள்ளே பார்ப்பார், போவார், திரும்ப வந்து பார்ப்பார். ஆஸ்பத்திரியில் பிரசவ ரூம் வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி இருக்கும். மேடம் டிபனைத் திறந்து வைத்துவிட்டு அப்படியே மூடிவிடுவார். ஒருநாள் அக்கா அவருடைய டப்பாவைப் பிடுங்கி, "கணக்கு எங்கயும் ஓடிப் போவாது, இட்லி காஞ்சு போயிரும்" என்று கையில் திணித்தார். சாப்பிடும்வரை நகரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். மேடம் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி ரூமுக்குள் வந்தார். நான் மட்டும்தான் உள்ளே இருந்தேன். அளந்து வைத்த பீஸ்களைப் பார்த்தபடியே கேட்டார்:

"அண்ணா, தப்பா கேக்கலை. நீங்க வேலைக்கு வந்ததுலேர்ந்து ஒரு நாளாவது ரெண்டு பீஸை ஒரே மாதிரி பண்ணியிருக்கீங்களா?"

இல்லை என்றேன். இதில் கௌரவம் பார்க்க என்ன இருக்கிறது? கை என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்.

"அப்புறம் எப்படி எல்லாம் ஒரே அளவுக்குச் சிந்தறது? என் கணக்கு தப்புன்னாகூட ஒண்ணு கூட, ஒண்ணு குறையன்னு வரணுமே. இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ண உங்களால முடியாது."

திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூத்தவனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தம்பிமாரில் ரெண்டு பேரை எதிரெதிரே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். திருகைத் திருப்பத் திருப்ப மீட்டர் இறங்கிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றது. சிந்தல் இருக்கவேண்டிய அளவுக்குள் இருந்தது. அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. வேறு ரெண்டு பேரை நிறுத்தினோம். அப்படியேதான். கணக்கு சரி, பசை சரி, என் கையும் சரி. எல்லாரையும் அளந்துகொண்டிருந்த மூத்தவன்தான் சிந்திக்கொண்டிருந்தான். அவனை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

பெரியவளே, இதைப் படித்துவிட்டு நீ முறைப்பது எனக்குத் தெரிகிறது. நான் லென்ஸைத்தான் சொல்கிறேன். தம்பி, நீயும் ரொம்பச் சிரிக்காதே.

மூத்தவனை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். லென்ஸ் முகம் திரையில் முழு நிலா மாதிரி வரும். நிலா வந்தது. அதன் மேல் மஞ்சளாகப் பொடி சிதறிக் கிடந்தது, ரவா லட்டு தின்றுவிட்டு வாய் துடைக்காத பிள்ளை மாதிரி. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உள்ளே கழற்றக் கூடாது என்று அவரே சட்டம் போட்ட மாஸ்க்கைக் கீழே இறக்கினார்.

"அண்ணா, நான்தான்."

அளக்க ஆரம்பித்த அன்று காலையில் மாட்டுங்காவில் கோயிலுக்குப் போயிருக்கிறார். பரீட்சைக்குப் போனால்கூடக் கோயிலுக்குப் போகாதவர். சந்தனப் பொட்டலத்தோடு நேராகப் பட்டறைக்கு வந்து, நாங்கள் யாரும் வருவதற்கு முன்னால் டப்பாவைத் திறந்திருக்கிறார்.

"கண்ணாடி மேல வைக்கலண்ணா. குழாய்க்குப் பக்கவாட்டுல, ஊசிமுனையால ஒரே ஒரு பொட்டு. அது எப்படி முகத்துக்கு வரும்னு நினைச்சேன்."

"காஞ்சா உதிருமே மேடம்."

"அதைக் கணக்குல சேர்க்கலை."

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வெளிச்சம் எத்தனை தூரம் பறக்கும், எந்த இடத்தில் ஒடுங்கும், எங்கே விரியும் என்று காற்றைக்கூட விடாமல் கணக்கில் சேர்த்தவர், மூடி மேலே என்றுகூடச் சொல்லிக் கொடுத்தவர். அந்த லென்ஸ் எப்படியாவது தேறவேண்டும் என்று அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. எனக்குக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. பிறகு நிறையச் செய்துவிட்டேன், அது வேறு.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மூத்தவன் முகத்தையும் குழாயையும் நானே துடைத்தேன். மேடம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நிலா சுத்தமானது. திரும்ப எதிரே நிறுத்தி அளந்தோம். மூத்தவனும் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டான்.

கண்ணாடிக்கு வெளியே பாய் நின்றிருந்தார். என்ன என்று கையால் கேட்டார். கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

"என்ன வே கெடந்துச்சு அதுல?"

"தூசி பாய்."

பாய் மேலே பார்த்து, தனக்குப் பழக்கமான பக்கம் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அக்கா மட்டும் போகவில்லை. மூத்தவன் இருந்த காலி டப்பா வெளி மேஜையில் இருந்தது. மூடியைத் திறந்து மூக்கு அருகே கொண்டுபோனார். மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாவை மூடி வைத்தார்.

"மாட்டுங்கா தூசில்லா. வாசமாத்தான் இருக்கும்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் அவர் அக்கா இல்லை. இன்றைக்கும் மேடம் கோபமாக ஏதாவது சொல்ல வந்தால், சாமி கும்பிடுங்க, டப்பாவைத் திறக்காதீங்க என்று அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். மேடமே பிறகு பாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். உங்களுக்கு எழுதுகிறேன் என்றபோது, எழுதுங்கள் அண்ணா, ஆனால் கணக்கு சரியாக இருந்தது என்பதையும் எழுதுங்கள் என்றார். எழுதிவிட்டேன். கணக்கு சரியாக இருந்தது.

திங்கட்கிழமை கஸ்டமர் வந்தார்கள். தங்கள் மீட்டரையே கொண்டுவந்து, அவர்களே எடுத்து எடுத்து அளந்தார்கள். மேடம் என் பக்கத்தில் நின்று, என் கோட்டுக் கையைப் பிடித்திருப்பது தனக்கே தெரியாமல் பிடித்திருந்தார். எல்லாம் அளவுக்குள் இருந்தது. அவர்களில் பெரியவர் மூத்தவனைக் கையில் எடுத்து, யாருடைய டிசைன் என்று கேட்டார். பாய் பதில் சொல்வதற்குள் அக்கா மேடத்தை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். பேங்க் பரீட்சைக்கு வாங்கிய புத்தகம் இப்போது பாயின் பிள்ளையிடம் இருக்கிறது. அவனும் படிப்பதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கோட்டைத் துவைக்கப் போடலாம் என்று பையைத் துழாவினால், அந்தப் பஞ்சுக் குச்சி இருந்தது. சனிக்கிழமை குப்பையில் போட மனம் வராமல் டிஷ்யூவில் சுற்றிப் பையில் வைத்திருந்திருக்கிறேன். கோயில் சந்தனம். அதைக் கால் படுகிற இடத்தில் போடக்கூடாது. பட்டறைக் குப்பைக் கூடையை நாங்களே காலால் தள்ளித் தள்ளித்தான் வைப்போம்.

குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கி, வீடு வரைக்கும் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் ரெண்டு பேரும் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். அம்மா கீழே காய் வாங்கப் போயிருந்தாள். இந்த வீட்டில் கால் படாத இடம் எது என்று பார்த்தேன். நீங்கள் ரெண்டு பேரும் வளர்கிற வீட்டில் அப்படி இடம் எங்கே இருக்கிறது? சோஃபா இல்லை, கட்டில் இல்லை, சுவரிலேயே தம்பியின் கால் தடம் இருக்கிறது. கடைசியில் ஜன்னல் கம்பிக்கு வெளியே இருக்கிற கறிவேப்பிலைத் தொட்டி கண்ணில் பட்டது. குச்சியிலிருந்து பஞ்சை மட்டும் பிரித்தேன். அதில் சந்தனம் இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த மஞ்சள் தெரியும். விரலால் மண்ணில் ஒரு குழி செய்து, அதில் வைத்து மூடி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். சிந்தாமல்தான் ஊற்றினேன்.